எரிக்கும் கண்ணாடியும் காட்டும் கண்ணாடியும்

நண்பகல் வெயிலில் ஒரு குவிலென்சைப் பிடித்தால் அதன் கீழுள்ள காகிதம் கருகிப் புகைகிறது. அதே லென்சைச் சன்னலுக்கு எதிரேயுள்ள சுவரின் அருகே கொண்டு சென்றால் வெளியே நிற்கும் மரமும் மதிலும் தலைகீழாகச் சிறுத்துச் சுவரில் படிகின்றன. அதனையே நூலின் எழுத்துகளுக்குச் சற்று மேலே பிடித்தால் எழுத்துகள் நிமிர்ந்தபடியே பெருத்துத் தெரிகின்றன. கண்ணாடி ஒன்று, செயல்கள் மூன்று. மூன்றும் ஒரே விதியின் விளைவுகள் என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் முதற்செயலுக்குக் கணிதம் வகுத்த மனித அறிவு, மற்ற இரண்டுக்கும் முழுவிளக்கம் காண அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றின் முற்பகுதி பெரிதும் அரபு மொழியிலும் பிற்பகுதி இலத்தீன் மொழியிலும் எழுதப்பட்டது.

2015ஆம் ஆண்டு பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது இப்னுல் ஹைதமின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. அது தகுதியான பெருமையே. ஆனால் அப்பெருமையோடு சேர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் அவரே, தொலைநோக்கியின் தந்தை அவரே என்பன போன்ற கூற்றுகளும் மேடைகளிலும் சிற்றேடுகளிலும் இடம்பிடித்துவிட்டன. இக்கூற்றுகளுக்குச் சான்று இல்லை. சான்றில்லாத புகழ் சான்றுள்ள புகழையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். அவர்கள் உண்மையில் எதைக் கண்டார்கள், எந்த இடத்தில் நின்றார்கள், எஞ்சிய ஓரடியை யார் எடுத்து வைத்தார் என்று அறிவதே அம்மேதைகளுக்கு நாம் செய்யும் மரியாதை. லென்சு பிம்பத்தை எவ்வாறு உண்டாக்குகிறது என்னும் ஒரே வினாவை எடுத்துக்கொண்டு இதனை இங்கு ஆராய்வோம்.

பிம்பம் என்பது யாது?

எரியும் ஒரு மெழுகுவர்த்தியின் எதிரே வெள்ளைத் தாளொன்றை நிறுத்துவோம். தாள் வெளிச்சம் பெறுகிறது. ஆனால் சுடரின் வடிவம் அதில் தோன்றுவதில்லை. ஏன்? சுடரின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியை அனுப்புகிறது. ஆகவே தாளின் ஒவ்வோரிடத்திலும் சுடரின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வந்த ஒளி கலந்து விழுகிறது. உச்சியின் ஒளியும் அடியின் ஒளியும் ஒன்றாய்க் கலந்தபின் வடிவம் எங்ஙனம் நிலைக்கும்? பொருளின் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட ஒளி தாளின் ஒரு புள்ளியை மட்டுமே சென்றடைய வேண்டும். மற்றொரு புள்ளியின் ஒளி மற்றோரிடத்தை அடைய வேண்டும். இவ்வாறு புள்ளிக்குப் புள்ளி பொருத்தம் ஏற்படுவதே பிம்பம்.

இப்பொருத்தத்தை இரு வழிகளில் பெறலாம். ஓர் அட்டையில் சிறு துளையிட்டு இடையில் நிறுத்தினால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய ஓர் இழை ஒளி மட்டுமே துளை வழியே செல்லும். மேலிருந்து வரும் இழை கீழும், கீழிருந்து வரும் இழை மேலும் விழ, மங்கலான தலைகீழ் வடிவம் தோன்றும். இது விலக்கும் வழி. பெரும்பகுதி ஒளியை இழந்து வடிவத்தைப் பெறுவது. மற்றொன்று சேர்க்கும் வழி. ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் கதிர்க்கூம்பு முழுவதையும் வளைத்து மீண்டும் ஒரு புள்ளியில் சேர்ப்பது. குவிலென்சு செய்வது இதுவே.

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும் கதிர் பரப்பின் செங்குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறுகையில் அக்கோட்டை விட்டு விலகுகிறது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த குவிலென்சில் இவ்விரு விலகல்களும் கதிரை லென்சின் அச்சை நோக்கியே திருப்புகின்றன. நடுவிலிருந்து தள்ளிப் படும் கதிர் மிகுதியாகவும், நடுவில் படும் கதிர் திரும்பாமலும் செல்வதால், விரிந்து வந்தவை கூடிவிடுகின்றன. வெகுதொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் கூடும் இடமே குவியம். ஞாயிற்றின் ஒளி அங்குக் கூடுவதால் காகிதம் கருகுகிறது.

குவியத்தொலைவு 10 சென்டிமீட்டர் உள்ள லென்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் சுடர் இருந்தால், மறுபுறம் 15 சென்டிமீட்டரில் பாதியளவான தலைகீழ் மெய்பிம்பம் தாளில் விழும். சுடரை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், லென்சினால் அக்கதிர்களைக் கூட்ட இயலாது. விரிவைக் குறைக்க மட்டுமே இயலும். அவை 10 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து வருவனபோல் கண்ணுக்குப் படும். இருமடங்கு பெரிதான, நிமிர்ந்த மாயபிம்பம் தோன்றும். குழிலென்சு இதற்கு நேர்மாறானது. அது கதிர்களை மேலும் விரிக்கிறது. அதே குவியத்தொலைவுள்ள குழிலென்சின் முன் 10 சென்டிமீட்டரில் பொருள் இருந்தால், அதே பக்கத்தில் 5 சென்டிமீட்டரில் இருப்பதுபோல், பாதியளவாக, நிமிர்ந்து தெரியும். எதிரேயுள்ள பொருளின் பிம்பத்தைக் குழிலென்சு தனித்துத் தாளில் வீழ்த்துவதேயில்லை.

இங்கே எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரில் மரத்தின் பிம்பம் விழுந்திருக்கையில் லென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் என்ன ஆகும்? மரத்தில் பாதி மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் முழு மரமும் இருக்கும். வெளிச்சம் மட்டுமே குறையும். மரத்தின் ஒவ்வொரு புள்ளியும் லென்சின் முழுப்பரப்பிற்கும் ஒளியை அனுப்புகிறது என்பதற்கு இதுவே சான்று. இச்சோதனையின் உட்பொருளை முழுமையாக உணர்வதற்குத்தான் நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

பக்தாதில் பிறந்த விதி

கண்ணாடி கதிரை வளைக்கிறது, எவ்வளவு வளைக்கிறது? இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, காற்று, நீர், கண்ணாடி ஆகியவற்றிடையே ஏற்படும் விலகலைப் பத்துப் பத்துப் பாகையாகப் பட்டியலிட்டார். எனினும் அவருடைய பட்டியல் சரியான விதியாக மலரவில்லை.

அவ்விதிக்கு இணையான ஒன்றை நாம் முதன்முதலில் காண்பது, ஏறத்தாழ 984இல் அபூ ஸஅத் அல்அலா இப்னு ஸஹ்ல் எழுதிய நூலில். புவைஹித் அரசர் ஸம்ஸாமுத் தவ்லாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்நூல் எரிக்கும் கருவிகளைப் பற்றியது. அதன் ஏடுகள் சிதறித் தமஸ்கஸிலும் தெஹ்ரானிலுமாகக் கிடந்தன. அவற்றை இனங்கண்டு ஒன்றுசேர்த்து 1990இல் உலகிற்கு அறிவித்தவர், எகிப்தில் பிறந்து பாரிசில் பணியாற்றிய அறிவியல் வரலாற்றாசிரியர் ரோஷ்தீ ராஷித்.

இப்னு ஸஹ்ல் தம் வினாவை நான்காக வகுத்தார். தொலைவிலுள்ள ஒளியைக் கொண்டு ஆடியால் எரிப்பது எப்படி? அருகிலுள்ள ஒளியைக் கொண்டு ஆடியால் எரிப்பது எப்படி? இவ்விரண்டையும் கண்ணாடியின் ஊடே ஒளியைச் செலுத்திச் செய்வது எப்படி? கடைசி இரண்டுக்குமான விடையில்தான் அவ்விதி இடம்பெறுகிறது. படிகத்திலிருந்து காற்றுக்கு வெளியேறும் கதிரை வரைகிறார். அது வளையாமல் நேரே சென்றிருப்பின் எவ்வழி சென்றிருக்கும் என்பதையும் வரைகிறார். படிகப் பரப்பின் வேறொரு புள்ளியில் எழுப்பிய செங்குத்தைத் தொடும்வரை அவ்விரு கோடுகளையும் நீட்டுகிறார். அவ்விரு நீளங்களின் விகிதம், கதிரின் சாய்வு எதுவாயினும், மாறுவதில்லை என்று கொள்கிறார். இன்றைய மொழியில் சொல்வதானால், கோணங்களின் சைன்களுக்கிடையேயான மாறாத விகிதம் இது. ஐரோப்பாவில் ஸ்னெல் 1621இல் கண்டதும், டேக்கார்ட் 1637இல் அச்சிட்டதும் இவ்விதியே.

இதனைக் கொண்டு, ஞாயிற்றின் இணைகதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்கும் லென்சின் ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் அதிபரவளைவாகவும் இருக்கவேண்டும் என நிறுவினார். அருகிலுள்ள ஒரு புள்ளியின் ஒளியை மற்றொரு புள்ளியில் சேர்க்க இருமுகமும் அதிபரவளைவான குவிலென்சு வேண்டும் எனவும் காட்டினார். ஒரு புள்ளியின் ஒளி முழுவதும் மற்றொரு புள்ளியில்! பிம்பத்தின் அடிப்படை இதுதான் என்பதை மேலே கண்டோம். ஆயினும் இப்னு ஸஹ்லின் நோக்கம் எரித்தலே. அவர் ஒரு புள்ளியைக் கணக்கிட்டார். அதன் பக்கத்துப் புள்ளியின் ஒளி எங்கே சேரும் என்று அவர் கேட்கவில்லை. அக்கேள்வி எரிப்பவருக்குத் தேவையில்லை, காண்பவருக்கே தேவை.

கெய்ரோவில் எழுந்த கேள்வி

அக்கேள்விக்கு நிலம் பண்படுத்தியவர் இப்னுல் ஹைதம். ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்தவர். யூக்ளிடின் நூலையும் தாலமியின் அல்மஜஸ்தியையும் படியெடுத்து விற்று அவர் வாழ்க்கை நடத்தினார் என இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ பார்வையியலின் போக்கையே மாற்றியது.

யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதே பார்வை என்றனர். ஒளியுள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசையிலும் ஒளியை அனுப்புகிறது என்று ஒன்பதாம் நூற்றாண்டின் அல்கிந்தீ கூறியிருந்தார். எனினும் பார்வை பற்றி அவரும் பழைய கொள்கையையே பின்பற்றினார். இப்னுல் ஹைதம் ஒளியின் இப்பண்பைப் பார்வைக்குப் பொருத்தினார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி வந்து கண்ணை அடைவதே பார்வை. கடும் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் நோவதும், பார்த்தபின் கண்ணை மூடினாலும் அதன் சுவடு நிலைப்பதும் இதற்குச் சான்றென்றார்.

இவ்விடத்தில் தாளும் மெழுகுவர்த்தியும் எழுப்பிய இடர் கண்ணுக்கும் வந்துவிடுகிறது. எல்லாப் புள்ளிகளின் ஒளியும் கண்ணின் எல்லா இடத்திலும் விழுமாயின் குழப்பமன்றோ மிஞ்சும்? இவ்விடரைத் தெளிவாகக் கண்டு தீர்வு தேடியதே அவருடைய பெருஞ்சாதனை. ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்களில் கண்ணின் பரப்பில் செங்குத்தாகப் படுவது ஒன்றே. அதுவே வளையாமல் வலிமையுடன் உட்செல்கிறது. ஏனையவை விலகலால் வலுக்குன்றுகின்றன என்றார். ஒரு புள்ளிக்கு ஒரு கதிர். புள்ளிக்குப் புள்ளி பொருத்தம். நாம் முன்னர் கண்ட விலக்கும் வழி இது. கதிர்கள் ஒன்றையொன்று கடந்தால் உருவம் தலைகீழாகிவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். கண்ணுக்குள் அது நேர்வது பொருந்தாது எனக் கருதி, கடப்பதற்கு முன்னரே கதிர்கள் திசைமாறுவதாக அமைத்தார்.

ஏழாம் பாகம் ஒளிவிலகலைப் பேசுவது. அடர்ந்த ஊடகத்தின் கோளப்பரப்பு கண்ணை நோக்கிப் புடைத்திருந்தால் உள்ளேயுள்ள பொருள் பெரிதாகத் தெரியும் என்பது அங்கு விளக்கப்படுகிறது. பிம்பத்தை அவர் ‘கயால்’ என்கிறார். நீருக்குள் கிடக்கும் காசு உயர்ந்து தெரிகிறதே, அக்கயால் எங்கே நிற்கிறது? கண்ணை அடையும் கதிரைப் பின்னோக்கி நீட்டினால், காசிலிருந்து நீர்ப்பரப்புக்கு எழுப்பிய செங்குத்தை அது எங்கே வெட்டுகிறதோ அங்கே என்பது தாலமியிடமிருந்து வந்த விதி. இதனை இப்னுல் ஹைதமும் ஏற்றார். இங்கும் கணக்கில் வருவது ஒரு புள்ளிக்கு ஒரு கதிரே.

எரிக்கும் கோளத்தைப் பற்றியும் அவர் தனியே ஒரு நூல் எழுதினார். கண்ணாடிக் கோளத்தின் ஊடே செல்லும் ஞாயிற்றின் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடுவதில்லை, நடுவிலிருந்து தள்ளிச் செல்பவை கோளத்திற்கு அருகிலேயே அச்சைச் சந்திக்கின்றன என்றும், எரிக்கும் இடம் கோளத்தின் விட்டத்தில் கால்பங்குக்கும் குறைவான தொலைவில் உள்ளது என்றும் காட்டினார். இப்னு ஸஹ்லின் பணியை அவர் அறிந்திருந்தும் மாறாத விகிதம் பற்றிய விதியை எடுத்தாளவில்லை. எரித்தலின் கணக்கு ஒரு நூலிலும், காணுதலின் கணக்கு மற்றொரு நூலிலுமாகத் தனித்தனியே நின்றன.

தப்ரீஸில் ஒரு நீர்க்கோளம்

மனாழிர் நூல் கிழக்கு நாடுகளில் நீண்டகாலம் பரவலாக அறியப்படவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் நஸீருத்தீன் தூஸீகூடப் பார்வையியலில் யூக்ளிடின் நூலையே செப்பனிட்டுத் தந்தார். தூஸீயின் மாணவர் குத்புத்தீன் ஷீராஸீ, தாம் இளமையில் ஒரு நூலகத்தில் கண்டிருந்த மனாழிரை நினைவுகூர்ந்து, தொலைநாட்டிலிருந்து படியொன்றை வரவழைத்துத் தம் மாணவர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீயிடம் தந்தார். ஓர் ஆசிரியரின் நினைவினால் ஒரு துறையே உயிர்பெற்றது எனலாம்.

1319 அளவில் மறைந்த கமாலுத்தீன், ‘தன்கீஹுல் மனாழிர்’ என்னும் விரிவான திறனுரையை எழுதினார். எரிக்கும் கோளம் பற்றிய நூலையும் அதில் ஆராய்ந்தார். மழைத்துளிக்குப் பதிலாக நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை இருட்டறையில் வைத்து, உள்ளே நுழைகையில் ஒரு விலகல், உள்ளே ஓர் எதிரொளிப்பு, வெளியேறுகையில் மீண்டும் ஒரு விலகல் எனக் கதிரைப் பின்தொடர்ந்து வானவில்லை விளக்கினார். நுழைகையிலும் வெளியேறுகையிலும் ஏற்படும் விலகலை அடுத்தடுத்துக் கணக்கிடும் இம்முறையே லென்சைக் கணக்கிடும் முறையுமாகும். ஆனால் தன்கீஹ் இலத்தீனுக்குப் பெயர்க்கப்படவில்லை.

எழுதாதோர் செய்த கண்ணாடி

இதே காலத்தில் இத்தாலியில் வேறொன்று நிகழ்ந்தது. 1306ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிளாரன்சில் ஆற்றிய உரையில் கியோர்தானோ என்னும் துறவி, மூக்குக்கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகள் ஆகவில்லை என்று குறிப்பிட்டார். அதனைச் செய்தவர்கள் கண்ணாடியும் படிகமும் கடையும் தொழிலாளர். எந்தக் கோட்பாட்டைக் கொண்டும் அவர்கள் லென்சைத் தேய்க்கவில்லை. போட்டுப் பார்த்து, தெரிந்தால் விற்றனர். மனாழிரை இலத்தீனில் பயின்ற ரோஜர் பேகன், எழுத்தின் மேல் கண்ணாடிக் கோளத்தின் துண்டை வைத்தால் பெரிதாகத் தெரியும் என்று 1260களில் எழுதியிருந்தது உண்மை. அதிலிருந்து மூக்குக்கண்ணாடி பிறந்ததென்று சொல்லச் சான்றில்லை.

கவனிக்கத்தக்கது யாதெனில், முதலில் வந்தவை அனைத்தும் குவிலென்சுகளே. கிட்டப்பார்வை உடையோருக்கான குழிலென்சு பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வழக்கிற்கு வந்தது. 1462இல் மிலான் கோமகன் ஸ்போர்சா பிளாரன்சிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகள் வரவழைத்தபோது, அவற்றுள் ஒரு டஜன் தொலைவில் காண்பதற்கானவை. இத்தாமதத்தின் ஒரு காரணத்தை நாம் ஊகிக்கலாம். குழிலென்சு எரிப்பதில்லை. ஒளியைக் கூட்டுவதற்காகக் கண்ணாடியைத் தேய்த்த உலகில், ஒளியைச் சிதறச்செய்யும் கண்ணாடிக்கு என்ன வேலை? அதன் பயன் ‘எவ்வாறு காண்கிறோம்’ என்று கேட்பவருக்கே தோன்றும்.

எஞ்சிய ஓரடி

இலத்தீனில் அல்ஹாசன் என்று வழங்கப்பட்ட இப்னுல் ஹைதமின் நூல் 1572இல் பேசல் நகரில் அச்சேறியது. அதனைப் பெரிதும் தழுவி விட்டெலோ எழுதிய நூலும் அதே தொகுதியில் இடம்பெற்றது. கெப்ளர் 1604இல் வெளியிட்ட நூலின் பெயரே விட்டெலோவுக்கான துணைக்குறிப்புகள் என்பதாகும். சிறுவயதில் பெரியம்மையால் பார்வை குன்றிய அவர், 1600ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தைத் துளை வழியே அளந்தபோது எழுந்த ஐயத்திலிருந்து இவ்வாய்வைத் தொடங்கினார். கிரகணத்தின் பிறைவடிவம் துளை வழியே எவ்வாறு விழுகிறது என்று ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதமும் ஒரு நூல் எழுதியிருந்தார் என்பது இங்கு நினையத்தக்கது.

கெப்ளரும் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தையே கையிலெடுத்தார். கமாலுத்தீனை அவர் அறியார். சன்னலின் தலைகீழ் உருவம் தாளில் விழுவதைக் கண்டு, செங்குத்துக் கதிரை மட்டும் தேர்ந்தெடுக்கும் பழைய தீர்வைக் கைவிட்டார். புள்ளியிலிருந்து வரும் கதிர்க்கூம்பு முழுவதும் கண்ணுக்குள் நுழைகிறது, கண்ணின் லென்சு அதனை விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியாக்குகிறது, பிம்பம் தலைகீழாகவே விழுகிறது, விழட்டும் என்றார். கிட்டப்பார்வையில் கதிர்கள் விழித்திரைக்கு முன்னரே கூடிவிடுகின்றன; குழிலென்சு அவற்றைச் சற்று விரித்து அனுப்புவதால் கூடுமிடம் பின்னுக்குச் செல்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு விளக்கம் கிடைத்தது, அது தோன்றி முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே! 1609இல் கலிலியோ குவிலென்சையும் குழிலென்சையும் ஒரே குழாயில் அமைத்து வானை நோக்கினார். 1611இல் கெப்ளர் இருவகை லென்சுகளுக்கும் முழுக்கோட்பாட்டை வெளியிட்டார்.

வியப்பு யாதெனில், அப்போதும் கெப்ளரிடம் ஒளிவிலகலின் சரியான விதி இல்லை. சிறு கோணங்களில் கண்ணாடி கதிரை மூன்றில் ஒரு பங்கு திருப்புகிறது என்னும் தோராயத்தைக் கொண்டே அவர் அந்நூலை எழுதினார். விதி இப்னு ஸஹ்லிடம் இருந்தது. பிம்பம் பற்றிய கேள்வி அவரிடம் இல்லை. கேள்வி இப்னுல் ஹைதமிடம் இருந்தது. கதிர்க்கூம்பைச் சேர்க்கும் வழியை அவர் பார்வைக்குப் பொருத்தவில்லை. கெப்ளரிடம் அவ்வழி இருந்தது, விதி இல்லை. பக்தாதின் ஏடு ஆயிரம் ஆண்டுகள் சிதறிக் கிடக்காமல் கைமாறியிருப்பின் இவ்வரலாறு குறுகியிருக்கக்கூடும்.

கண்ணாடி வில்லைக்கு இலத்தீன் மொழியில் பருப்பின் பெயரான ‘லென்சு’ வழங்கியது, இருபுறமும் புடைத்த மைசூர்ப் பருப்பை அது ஒத்திருப்பதால். இன்றைய அரபு மொழியும் அதனை ‘அதஸா’ என்றே அழைக்கிறது. பனூ இஸ்ராயீலர் வேண்டிய உணவுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ‘அதஸ்’ என்னும் அதே பருப்புச் சொல்தான் இது. ஐரோப்பிய மொழியின் உவமை மொழிபெயர்ப்பாக அரபுக்குத் திரும்பியிருக்கிறது. கற்றதைத் தந்தோரும் தந்ததை மீண்டும் கற்றோரும் அடங்கியதே அறிவின் வரலாறு. அதில் நம் முன்னோர் எழுதிய பக்கங்கள் பெரியவை. பிறர் எழுதிய பக்கத்தில் அவர்களுடைய பெயரைப் பொறிக்கவேண்டிய தேவை நமக்கில்லை. தமஸ்கஸிலும் தெஹ்ரானிலும் கிடந்த ஏடுகளை ஒருவர் தேடிச் சேர்த்ததுபோல், நூலகங்களில் இன்னும் வாசிக்கப்படாமல் கிடக்கும் சுவடிகளைத் தேடி வாசிப்பதே நமக்குள்ள தேவை.